கொள்ளுப்பிட்டித் தொட்டியில் மூன்றாம் வெட்டு

நான் உள்ளே நுழைந்தபோது தொட்டித் தண்ணீரின் மேலே சிவப்புத் தளிர்கள் மிதந்துகொண்டிருந்தன.

கொள்ளுப்பிட்டியில், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியைப் பார்த்தபடி எழும்பிய ஒரு புது அலுவலகம். அதன் வரவேற்பறையில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. முந்தின நாள்வரை அதற்குள் சிவந்த செடிகள் ஒரே புதராக அடர்ந்து நின்றன. அன்றைக்கு அந்தப் புதர் மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு வெட்டப்பட்டு, வெறும் தண்டுகளாக நின்றது. புவனா தோள்வரை நனைந்த சட்டையோடு, ஒரு சின்ன வலையால் வெட்டின நுனிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். ஈர மண்ணின் மணம் ஏ.சி. குளிரில் அந்த அறை முழுக்க நின்றது.

"மிஸ், நீங்களே பாருங்கோ. எல்லாத்தையும் மொட்டை அடிச்சிட்டா. திறப்பு விழாவுக்கு இருபத்திரண்டு நாள்தான் கிடக்கு" என்றான் ரமணன்.

ரமணன் என் பழைய மாணவன். வெள்ளவத்தையில் நான் கணிதம் படிப்பித்த காலத்தில் கடைசி வாங்கில் இருந்து கொட்டாவி விட்டவன். இப்போது அந்தக் கம்பனியின் நிர்வாக முகாமையாளர். "மிஸ், உடன வாங்கோ, காரியம் கெட்டுப்போச்சு" என்று அவன் போனில் அலறியதால், அடுப்பில் இருந்த குழம்பை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டோ பிடித்து வந்திருந்தேன்.

விழா நாளை மாற்ற முடியாது. கம்பனித் தலைவர் நல்ல நேரம் பார்த்து வைத்த நாள் அது. அன்றைக்குத் தொட்டி பார்க்கும்படியாக இல்லாவிட்டால் தண்ணீரை இறைத்துவிட்டு பிளாஸ்டிக் செடிகளை நட்டுவிடுவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் வந்தால் புவனாவுக்கு அங்கே வேலை இல்லை. அவள் முன்பு நின்ற கொட்டாஞ்சேனை வளர்ப்பு மீன் கடையிலும் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள்.

"இது சரியா மிஸ்? நீங்கள் சொல்லுங்கோ" என்றான் ரமணன்.

வரவேற்பு மேசைப் பெண் என்னைப் பார்த்தாள். காவலாளி பார்த்தார். புவனாவும் வலையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். அவள் என்னோடு பேசி அன்றைக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்துக்குக் காரணம் நான்தான்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் மற்றவர்கள் விட்ட பிழைகளையே எழுதிக்கொண்டு போகிறேன் என்று கிருலப்பனையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். நியாயமான குற்றச்சாட்டு. இந்த வாரம் என்னுடைய பிழையைப் படித்துச் சந்தோசப்படட்டும்.

ரோசாவுக்கு வெயில் போன கதை

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ரயில் போனால் அலுமாரிக்குள் பீங்கான்கள் பேசும். கடற்காற்றில் கதவுப் பூட்டெல்லாம் கறள் பிடிக்கும். ஆனாலும் பல்கனியில் காலை வெயில் நன்றாக விழும். ஓய்வு பெற்ற கையோடு அதிலே பதினொரு சாடியில் ரோசா வைத்தேன்.

பிறகு பக்கத்துக் காணியில் ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கியது. ஒவ்வொரு மாடியும் என்னுடைய வெயிலில் கொஞ்சத்தைக் கொண்டு போனது. நான் அந்த எஞ்சினியரோடு மூன்று தரம் சண்டை பிடித்தேன். மாநகர சபைக்குக் கடிதம் எழுதினேன். எட்டாம் மாடி வந்தபோது பதினொரு சாடியும் காய்ந்து விறகாகிவிட்டது.

"இனி நேர சூரியனுக்கே ஒரு பெட்டிசம் போடும்" என்றார் இவர். நாற்பது வருடமாக என்னைக் கட்டி மேய்ப்பவர், அவருக்கு அந்த உரிமை உண்டு.

அந்த நேரத்தில்தான் ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் செடித் தொட்டி ஒன்றைக் கண்டேன். ஜன்னலே இல்லாத அறை. தொட்டிக்கு மேலே ஒரு விளக்கு. உள்ளே ஒரு காடு. ஒரு மணி நேரம் காக்க வைத்ததற்காக யாரையும் ஏசாமல் நான் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அது ஒரு முறைதான். வெயில் இல்லாமல் தோட்டம் வைக்கலாம் என்று தெரிந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மாதம் எங்கள் ஹோலில் மூன்றடித் தொட்டி வந்து இறங்கியது. இவர் அதற்கு "உம்மட குளம்" என்று பெயர் வைத்தார்.

எனக்குப் பிடித்தது ஒரு குட்டைச் செடி. லுட்விஜியா என்பது அதன் பேரினப் பெயர். கடையில் 'சுப்பர் ரெட்' என்றால் எடுத்துத் தருவார்கள். இலை சுண்டுவிரல் நகத்தளவு. நல்ல வெளிச்சமும் இரும்புச் சத்தும் கிடைத்தால் கணுவோடு கணு நெருங்கி, கும்பலாக, கடும் சிவப்பில் நிற்கும். கிடைக்காவிட்டால் பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், படிப்பு ஏறாத பிள்ளை நெடுத்து வளர்கிற மாதிரி வளரும். எனக்கு வளர்ந்தது இரண்டாவது விதம்.

அதுவும் பிறகு நடந்தது. முதல் வாங்கிய கட்டு ஒரு கிழமையிலேயே அழுகிப் போனது.

சண்டைக்குப் போன இடம்

அழுகிய செடியை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி, அதை வாங்கிய கொட்டாஞ்சேனைக் கடைக்குச் சண்டைக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மணம் தாங்காமல் எழும்பிப் போனார். ஏமாற்றுக்காரக் கடைக்காரனிடம் என்னென்ன சொல்வது என்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

கடையில் முதலாளி இல்லை. மீன்களைப் பையில் போட்டு றப்பர் வளையம் போடுகிற இடத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். நான் பையை மேசையில் கொட்டினேன். பாடமாக்கியதை எல்லாம் ஒப்புவித்தேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு அந்த அழுகலுக்குள் விரலை விட்டு, ஒரு தண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டீச்சரா நீங்க?"

"அது எப்படித் தெரியும்?"

"பேசுறதுல தெரியுது. இதப் பாருங்க டீச்சர். கணுவுல பச்சையா புள்ளி மாதிரி. இது புதுத் தளிர். செடி சாகல. பண்ணைல இத தண்ணிக்கு வெளியத்தான் வளக்குறாங்க. தண்ணிக்குள்ள போட்டா பழைய எலையெல்லாம் அழுகும். பொறவு தண்ணி எல வரும். நீங்க உயிரோட இருந்தத புடுங்கிட்டு வந்திருக்கீங்க."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. ஓய்வு பெறும்வரை என் வாயை அடைத்தவர்கள் குறைவு. படிப்பித்த காலத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'சிவப்புப் பேனை'. அதிபரின் சுற்றுநிருபத்திலேயே பிழை திருத்தித் திருப்பி அனுப்பியவள் நான்.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று கடையின் பின்பக்கம் கூட்டிப் போனாள். மீன் தீன் பெட்டிகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் நான் கொன்ற அதே செடி.

நான் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. பின்னால் உயர்ந்து, முன்னால் சரிந்து, பக்கங்களில் வட்டமாக இறங்கி, ஒரு சிவப்பு மேகம் மண்ணில் வந்து குந்தின மாதிரி இருந்தது. ஓர் இலைகூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. எந்த இடத்திலும் தண்டு தெரியவில்லை. குனிந்து பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

"இது ஆர் செய்தது?"

"நாந்தான். கட மூடுறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் கெடைக்கும். அப்ப செய்வேன்."

அவள் பெயர் புவனேஸ்வரி. எல்லாருக்கும் புவனா.

புவனாவின் கை

அதற்குப் பிறகு போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் கடை பூட்டியிருக்கும்போது அவள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். என் தொட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும். சீனியும் ஈஸ்டும் கலந்து ஒரு போத்தலில் செடிக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு வாயு உண்டாக்கும் வித்தையை அவள்தான் அமைத்துத் தந்தாள். போத்தலிலிருந்து குமிழி வரும்போதெல்லாம் ஹோலில் அப்பம் புளிக்கிற மணம் வரும். இவர் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஏமாந்து வருவார்.

அவள் நடுவதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். ஒரு கட்டை அப்படியே புதைப்பதில்லை. ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, கீழ் இலைகளைக் கிள்ளி, நீண்ட இடுக்கியால் பிடித்து, சரித்து மண்ணுக்குள் இறக்குவாள். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு விரல் இடைவெளி. மூன்றடித் தொட்டிக்கு ஒரு முழுப் பகல் போகும். நான் தேத்தண்ணி வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும்.

பிறகு வெட்டு. அதுதான் முழு விஷயமும்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண்ணிலிருந்து இரண்டு விரல் விட்டு வெட்டுவாள். நான் முதல் தரம் பார்த்தபோது நெஞ்சில் கை வைத்தேன். வெட்டின ஒவ்வொரு தண்டிலிருந்தும் இரண்டு கிளை வரும். அவை வளர்ந்ததும் முதல் வெட்டுக்கு ஒரு விரல் மேலே இரண்டாம் வெட்டு. அந்த இரண்டு நாலாகும். அதற்கும் மேலே மூன்றாம் வெட்டு. ஒவ்வொரு முறையும் வளைந்த கத்தரிக்கோலைச் சரித்துப் பிடித்து, முன்னால் தணித்து, நடுவில் உயர்த்தி, உருவத்தை மெல்ல மெல்லக் கொண்டு வருவாள். அவசரப்பட்டு முதலிலேயே உயரத்தில் வெட்டினால் மேலே குடையும் கீழே குச்சியுமாகத்தான் நிற்கும். நான் தனியாக வெட்டினபோது அப்படித்தான் நின்றது.

"நீங்க செடிக்கு பாவம் பாக்குறீங்க டீச்சர்" என்றாள். "பாவம் பாத்தா அது கெட்டுப் போகும்."

"நான் பிள்ளையளுக்கே பாவம் பார்த்ததில்லை, பிள்ளை."

"அதுதான் இப்ப செடிக்கு பாக்குறீங்க."

வெட்டும்போது அவள் கை நடுங்கி நான் கண்டதில்லை. தண்ணீருக்குள் எல்லாம் கொஞ்சம் இடம் மாறித் தெரியும் அல்லவா, வெட்டுகிற இடம் கண்ணுக்கு ஒன்றும் கைக்கு ஒன்றுமாக இருக்கும். அவள் பாதி நேரம் தொட்டியைப் பார்ப்பதே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு விரலால் உயரத்தைத் தடவி வெட்டுவாள். நான் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து மயங்கிப் போனேன். மயக்கத்தில் ஒரு முடிவுக்கும் வந்தேன்.

நான் விட்ட பிழை

புவனா மலையக வம்சம் என்று எனக்குத் தெரியும். அவள் பேச்சில் தெரிந்தது. பாட்டன் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று ஒருமுறை அவளே சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டி, மட்டம் பிடித்து, மேசை மாதிரி வைத்திருக்கிற சனம். அதே வித்தைதான் தண்ணீருக்குள் வந்திருக்கிறது. கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்ட சந்தோசம் எனக்கு. வந்து போகிற எல்லாருக்கும் தொட்டியைக் காட்டி இந்த விளக்கத்தையும் சொன்னேன்.

ரமணன் ஒரு நாள் கல்யாண அழைப்பிதழோடு வீட்டுக்கு வந்தான். தொட்டிக்கு முன்னால் நின்றவன் அழைப்பிதழைத் தரவே மறந்துபோனான். தங்கள் புது அலுவலகத்துக்கு ஆறடித் தொட்டி வருகிறது, யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறோம் என்றான்.

"என்னட்ட ஒரு பிள்ளை இருக்கிறா" என்றேன். "கவ்வாத்து வெட்டின பரம்பரை. ரத்தத்தில ஊறினது. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை."

பெருமையோடுதான் சொன்னேன். இதைவிடப் பெரிய சிபாரிசு ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

புவனாவுக்குச் சொன்னபோது அவள் கண் விரிந்தது. தன் பெயரில், தன் எண்ணப்படி ஒரு தொட்டி. மீன் பைக்கு வளையம் போடுவதிலிருந்து விடுதலை. நேர்முகத்துக்கு அவளோடு நானும் போனேன். இஸ்திரி போட்ட நீலச் சுடிதார். கையில் ஒரு பைல்.

வரவேற்பு மேசைப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். தோட்டத் தொழிலாளர்களை வழங்குகிற ஒப்பந்தக்காரரின் படிவம். பிறகு ரமணன் வந்து மிகவும் அன்பாகப் பேசினான். தொட்டியை வடிவமைக்க வேறொரு நிறுவனத்தைக் கூப்பிடப் போகிறோம், அவர்கள் சொல்கிறபடி இவ வந்து வெட்டிக் கொடுக்கலாம் என்றான்.

"மிஸ் சொன்னவ, கவ்வாத்து வெட்டுறதில கெட்டிக்காரி எண்டு."

புவனா அந்தப் படிவத்தை நிரப்பாமல் மேசையில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து, காலி வீதி பஸ் தரிப்பில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், சத்தம் போடாமல் சொன்னாள்.

"டீச்சர், நா பொறந்தது கொட்டாஞ்சேனைல. எங்கப்பா ஹார்பர்ல வேல. தேயிலச் செடிய நா கிட்ட நின்னு பாத்தது ஸ்கூல் ட்ரிப்புல ஒரே ஒரு தடவ. இன்னொண்ணு, தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறது ஆம்பளைங்க. பொம்பளைங்க கொழுந்து பறிப்பாங்க. அதுகூட உங்களுக்குத் தெரியல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மூணு வருஷம் நா செடியக் கொன்னு கொன்னு படிச்சேன். எத்தன தொட்டி அழுகிச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அத எல்லாம் எடுத்து நீங்க எங்க தாத்தா கையில குடுத்துட்டீங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வழக்கமாக ஒரு பகிடி விடுகிற மனிதர் அன்றைக்கு எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி வைத்தார். ஒரு பெண்ணின் மூளையைக் கண்ணுக்கு முன்னால் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அது மூளை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் 'ரத்தத்தில் ஊறினது' என்று சொல்லியிருப்பேனா? 'கெட்டிக்காரி, தானாகப் படித்தவள்' என்று சொல்லியிருப்பேன். அதை எத்தனை விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் விடை மாறவில்லை.

மறுநாள் ரமணனுக்குப் போன் எடுத்தேன். "நான் சொன்னது பிழை" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததே அவனை மிரட்டியிருக்க வேண்டும்.

"தெரியும் மிஸ். அவ ராவே எனக்கு அனுப்பிப்போட்டா" என்றான்.

புவனா என்னை நம்பிக்கொண்டு இருக்கவில்லை. மூன்று வருடப் படங்களை ஒழுங்காக அடுக்கி அவனுக்கு அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கீழே குறிப்பு: எத்தனை விரல் உயரம், விளக்கு எத்தனை மணி நேரம், எத்தனை நாளில் மூடியது, எது செத்தது, ஏன் செத்தது. ஏன் என்று தெரியாத இடத்தில் 'தெரியல' என்று எழுதியிருந்தாள்.

"நீங்கள் கணக்குச் செய்த வழியைச் செய்கையாக் காட்டாத விடைக்குப் பூச்சியம் போடுவீங்கள் மிஸ். இவ முழுக்கச் செய்கையா அனுப்பியிருக்கிறா" என்றான் ரமணன்.

முழுப் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தான். விழாவுக்குத் தயாராகாவிட்டால் பிளாஸ்டிக் என்ற நிபந்தனையை மேலிடம் சேர்த்தது. புவனா கடையை விட்டு நின்றாள். என் போனை மட்டும் எடுக்கவில்லை.

மறுபடி வரவேற்பறை

இப்போது வாசகர் திரும்பவும் தொட்டிக்கு முன்னால் வரலாம். தளிர்கள் மிதக்கின்றன. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ரமணன் "இது சரியா மிஸ்?" என்று கேட்டுவிட்டு நிற்கிறான்.

விடை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றுதான் நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்தது. மொட்டையைப் பார்க்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"என்னைக் கேளாதையும். தொட்டி அவவின்ட. அவவைக் கேளும்" என்றேன்.

ரமணன் அவள் பக்கம் திரும்பினான். புவனா வலையைக் கீழே வைத்தாள்.

"இது மூணாம் வெட்டு சார். கடைசி. இன்னைக்கு வெட்டாம விட்டா விழாவுக்குள்ள செடி தண்ணி மட்டத்துக்கு வந்துரும். கீழ வெளிச்சம் போகாது, எல கொட்டிரும். விளக்குமாத்த தலகீழா நட்ட மாதிரி நிக்கும். ஒரு கெழம கழிச்சு வெட்டினா, அன்னைக்கு இப்படி மொட்டையாத்தான் இருக்கும். மூடுறதுக்கு மூணு கெழம வேணும். அதனால இன்னைக்குத்தான் வெட்ட ஏலும். நேத்தும் ஏலாது, நாளைக்கும் ஏலாது."

"ஷுவரா?"

"ஷுவர்னு சொல்ல மாட்டேன். லைட்டு ஒழுங்கா எரிஞ்சா மூடும். எங்கிட்ட இருக்கிற படமெல்லாம் அப்படித்தான் சொல்லுது."

ரமணன் குனிந்து கண்ணாடியில் விரல் வைத்து மொட்டைத் தண்டுகளின் உயரத்தை அளந்தான். பிறகு, "சரி, செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே போனான். நானும் கிளம்பினேன். புவனா வலையை எடுக்கும்போது என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினாள். எனக்கு அது போதும்.

போயா விடுமுறை

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, போயா ஞாயிறோடு சேர்ந்து வந்த நீண்ட விடுமுறை. நான் வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புவனா.

"டீச்சர், ஆபீஸ்ல மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணிட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமைலருந்து தொட்டி இருட்டு. செக்குரிட்டி தொட மாட்டேங்குறாரு. ரமணன் சார் என் போன எடுக்கல, நீங்க பண்ணினா எடுப்பாரு. லைட்டப் போடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

பின்னால் அவள் காவலாளியிடம், "அய்யே, மேக்க நிவன்ன எபா" என்று, இனி இதை அணைக்கவே கூடாது என்று, சிங்களத்தில் கெஞ்சாமல் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. விடுமுறை நாளில் யாரும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்த் தொட்டியைப் பார்த்திருக்கிறாள். போகாவிட்டால் இன்னும் இரண்டு நாள் இருட்டில் கிடந்து எல்லாம் முடிந்திருக்கும்.

ரமணனுக்கு அடித்தேன். அவன் எடுத்தான். லைட்டைப் போடச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் வரலாற்றில் ஆகச் சின்ன டெலிபோன் கதை அதுதான் என்று இவர் இன்றைக்கும் சொல்லுவார்.

திறப்பு விழா

விழா நாளில் நான் பட்டுச் சேலை உடுத்துப் போனேன். கதவைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. பிளாஸ்டிக் பச்சை தெரிந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுவது என்று முடிவு.

செடி மூடியிருந்தது.

கொட்டாஞ்சேனைக் கடையின் பின்பக்கத்தில் கண்டது ஒரு மேகம் என்றால், இது அந்தி வானம் முழுக்க. ஆறடி நீளத்துக்கு ஓர் இலை பிசகாமல், ஏறி இறங்கி, திரும்பவும் ஏறி நின்றது. விளக்கு வெளிச்சத்தில் இலை நுனிகளில் முத்து முத்தாகக் குமிழிகள். குத்துவிளக்கு ஏற்றிவிட்டு வந்த கம்பனித் தலைவர் விருந்தாளிகளை மறந்து அதற்கு முன்னால் நின்றுவிட்டார். எனக்குக் கண் நிறைந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன், யாரும் பார்த்தால் பார்க்கட்டும்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. 'வடிவமைப்பும் பராமரிப்பும்: புவனேஸ்வரி, கொட்டாஞ்சேனை.' ஊரை அவளே போடச் சொன்னாளாம்.

புவனா அந்த நீலச் சுடிதாரில் நின்று ஒருவருக்குச் சிங்களத்திலும் ஒருவருக்கு ஆங்கிலத்திலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தட்டில் ஒரு பட்டிஸ் பலகாரத்தை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், உங்க கண்ணுக்கு எதாச்சும் பிழை தெரியுதா?"

தெரிந்தது. பழக்க தோசம், போன உடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நாளில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பொய் சொல்லித் தப்ப முடியாத பார்வை.

"வலப்பக்கம் ஒரு விரல் உயரம், பிள்ளை."

"ஆமா. லைட்டு நின்ன அந்த ரெண்டு நாளும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஜன்னல் வெளிச்சம் இருந்திச்சு. அது முந்திரிச்சு. காலைல வெட்டிரலாம்னு கத்திரியக்கூட எடுத்தேன். வெட்டினா இன்னைக்கு வெட்டுவாய் தெரியும், அந்த இடம் மட்டும் நரச்ச மாதிரி இருக்கும். விட்டுட்டேன்."

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரமணன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றான். பள்ளிக்கூட நாட்களில் மாதிரியே என் தீர்ப்புக்குக் காத்திருந்தான்.

"விட்டது சரியோ பிழையோ, அது எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் புவனா.

தலைவர் அங்கிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு தன் தொட்டியிடம் போனாள்.